ஜமீன்தாரின் குறட்டை

மிருக ஆஸ்பத்திரியின் பின்னறையில் அப்போது இருந்தவர்கள்: மேஜையோரம் முக்காலியில் டாக்டரம்மா, மருந்து அலமாரியை ஒட்டிய நாற்காலியில் நர்ஸ், சன்னலோரப் பெஞ்சில் அக்கா, அவளுக்கும் அவள் கைப்பைக்கும் நடுவே நசுங்கிக்கொண்டு அவள் வீட்டுக்காரர். மேஜைமேல் போர்வைக்குள், முன்னங்காலில் கட்டோடு ஜமீன்தார். நாய்தான். ஆனால், "இவரு உன் பொறுப்புக்கா" என்று ஒப்படைத்துவிட்டுத் தம்பி கப்பல் வேலைக்குப் போன நாள்முதல் வீட்டில் எல்லாருக்கும் அவர் 'அவர்'தான்.

மாடிப்படியில் உருண்டு எலும்பை முறித்துக்கொண்டவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. வலிக்கு நர்ஸ் மார்ஃபின் ஊசி போட்டதும் முனகல் அடங்கிக் குறட்டை கிளம்பியது, லாரி மேடேறுகிற மாதிரி.

"வீட்லதான் தூங்க விடமாட்டாரு, இங்கயுமா?" என்று அலுத்துக்கொண்ட வீட்டுக்காரர், கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏம்மா, சத்தத்தையே காணோமே?"

"விட்டுது தொல்லைன்னு இருங்களேன்."

"இல்லம்மா, அவரு இப்படி நிறுத்துற ஆளே இல்ல. டாக்டரம்மா, கொஞ்சம் பாருங்க!"

டாக்டரம்மா போர்வையை விலக்கினார். விலா அசையவில்லை. ரொம்ப நேரம் கழித்து, வேண்டாவெறுப்பாக ஒருமுறை ஏறி இறங்கியது. நர்ஸ் ஓடிவந்து மூக்கில் ஆக்சிஜனை வைத்தார்.

"வலியோட சேத்து மூச்சையும் தூங்க வெச்சிருக்கு மருந்து. எடை சரியாத்தானே பாத்தீங்க?" என்று நர்ஸிடம் கேட்டார் டாக்டரம்மா.

பார்த்தது இப்படி: அக்கா ஜமீன்தாரைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் ஏறினாள்; பிறகு தனியாக ஏறினாள்; மிச்சம் அவர் எடை. அக்காவின் பார்வை கைப்பைமேல் போய் நின்றது. முதல் தடவை அது தோளில் தொங்கியது. இரண்டாவது தடவை பெஞ்சில் இருந்தது. உள்ளே குடை, பூட்டு, கத்தரிக்கோல், அரை வீடு.

"ஐயோ, பைக்கும் சேத்துல்ல ஊசி போட்டாச்சு!"

"நானும் பாக்காம விட்டேனே" என்றார் நர்ஸ்.

"மாத்து மருந்து இருக்குல்ல? மொத்தமாப் போட்டுடுங்க டாக்டரம்மா!" என்று பதறினாள் அக்கா.

"மொத்தமாப் போட்டா மூச்சு வரும், கூடவே வலியும் ஓடி வந்துடும். கொஞ்சங்கொஞ்சமா விடுவோம்."

ஒரு சொட்டு. நிறுத்திப் பார்த்தார். இன்னொரு சொட்டு. தம்பிக்கு என்னவென்று எழுதுவது என்று நினைத்தபடி அக்கா விலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். விலா ஏறியது. மறுபடி ஏறியது. அப்புறம் தொண்டைக்குள் ஏதோ கரகரத்து, லாரி கிளம்பியது! ஒரு முனகல் இல்லை.

வீட்டுக்காரர் கைதட்டியேவிட்டார். "இந்தக் கச்சேரிக்கா நான் தலையணையை வீசினேன்!"

"மாத்து மருந்தோட வேகம் சீக்கிரம் தீந்துடும், ஊசியோட வேகம் மறுபடி தலைதூக்கலாம். சாயந்தரம்வரைக்கும் காதைத் தீட்டிக்கிட்டு இங்கயே உக்காருங்க" என்றார் டாக்டரம்மா.

"உத்தரவு!"

அந்தப் பெஞ்சிலேயே அக்கா தம்பிக்கு எழுதினாள், பையை எடை போட்டதையும் மறைக்காமல். சாயந்தரம் டாக்டரம்மா "இனிமே பயமில்ல" என்ற பிறகுதான் கடைசி வரியை எழுதினாள். வீட்டுக்காரர் பேனாவைப் பிடுங்கி அடியில் சேர்த்தார்: "மாப்ளே, குறட்டையைப் பற்றி இனி வாயே திறக்க மாட்டேன்."

உறையை ஒட்டி, பையை வீட்டுக்காரர் தோளில் மாட்டிவிட்டு, வெறுங்கையோடு வீசி நடந்துபோய்க் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டாள் அக்கா.