செடியில் தொங்கிய கிழங்கு

எங்கள் பள்ளித் தாளாளருக்கு உருளைக்கிழங்கு எங்கே விளைகிறது என்று தெரியாது. ஐம்பத்தெட்டு வயது, மூன்று பள்ளிக்கூடம், இரண்டு கார். தெரியாதென்றால் தெரியாது, அவ்வளவுதான்.

பள்ளிக்குப் பின்னால் இருக்கும் துண்டு மண்ணைச் சிமெண்ட் போட்டு மூடி வேன் நிறுத்த வேண்டுமென்று ஒரு வருடமாக அவருக்கு அரிப்பு. அங்கேதான் என் மழலை வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரும் முளைவிட்ட கிழங்குத் துண்டுகளைத் தங்கள் கையாலேயே புதைத்திருந்தார்கள். முதல் பூவைப் பார்த்த அன்று அவர்கள் போட்ட கூச்சலில் என் காது அடைத்துவிட்டது.

"ஆய்வுக்கு வர்ற அம்மா நல்லதுன்னு எழுதினா தோட்டம் இருக்கட்டும். இல்லேன்னா அன்னைக்கே சிமெண்ட்தான்" என்று சொல்லியிருந்தார் தாளாளர்.

ஆய்வு நாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், செடிக்குச் செடி உருளைக்கிழங்கு தொங்குகிறது! கழுவித் துடைத்த கடைக் கிழங்கு. பச்சை நூலால் கட்டியிருந்தது. பாரம் தாங்காமல் தண்டெல்லாம் வளைந்து கிடந்தது. பக்கத்திலேயே தாளாளர் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சார் இது?"

"ஒண்ணுமே காய்க்காத தோட்டத்தக் காட்டி என் மானத்த வாங்கப் பாத்தீங்களா? டிரைவர விட்டு நான்தான் கட்டச் சொன்னேன்."

"சார், அது மண்ணுக்குள்ள..."

"பாடம் எடுக்கறதெல்லாம் கிளாஸோட வச்சுக்குங்க."

டிரைவர் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். சொல்ல வாய் இல்லை, பாவம்.

நூலை அவிழ்க்கப் போவதற்குள் ஆய்வாளர் அம்மா வந்துவிட்டார். இந்த மனுஷிக்காவது தெரிந்திருக்கும் என்று நம்பினேன். அவரோ, "அடேயப்பா, என்ன காய்ப்பு!" என்று போட்டோ எடுக்கிறார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வரிசையாக நின்ற பிள்ளைகளிலிருந்து, வாலு என்று நாங்கள் கூப்பிடும் ஐந்து வயதுக்காரி முன்னால் வந்தாள்.

"இது பொய். கிழங்கு கீழதான் இருக்கும். யாரோ கட்டி விட்டிருக்காங்க."

ஆய்வாளர் சிரித்தார். "அப்படியா செல்லம்? டீச்சர், நீங்களே சொல்லுங்க."

தாளாளர் என்னை முறைத்தார். உண்மையைச் சொன்னால் தோட்டம் போச்சு. பிள்ளைகள் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது புது ரகம்மா. மேலதான் காய்க்கும்" என்றேன். பாவி நான்.

வாலு அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வரிசைக்குப் போய்விட்டாள்.

ஆய்வாளர் 'மிகச் சிறப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் கார் தெருமுனை திரும்பியதும் தாளாளர், "பொழைக்கத் தெரிஞ்ச டீச்சர்!" என்று பல்லைக் காட்டினார். அந்தப் பல்லைத் தட்டிக் கையில் கொடுக்க வேண்டும்போல இருந்தது. முதலில் என் பல்லை.

எப்படியோ தோட்டம் தப்பித்தது. மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"நேத்து நல்ல வெயில். செடியெல்லாம் காஞ்சிருக்கும், தண்ணி ஊத்துங்க" என்றேன்.

ஒருத்தரும் வாளியைத் தொடவில்லை. எல்லோரும் வாலுவைப் பார்த்தார்கள். அவள் குந்தி உட்கார்ந்து மண்ணுக்குள் விரலை விட்டாள்.

"டீச்சர் சொல்றாங்கன்னு ஊத்தாதீங்க. நீங்களே தொட்டுப் பாருங்க. ஈரமாதான் இருக்கு."

பதினெட்டுப் பேரும் தொட்டுப் பார்த்தார்கள். கடைசியில் நானும் குனிந்து தொட்டேன். ஈரமாகத்தான் இருந்தது.