வெள்ளை மந்தையின் பின்னால் வந்தவன்

நாட்டின் வடகோடிக் கடல்முனைக்குப் போகும் சாலையில், கடைசிச் சுரங்கப்பாதையைக் கடந்து தீவுக்குள் நுழைந்ததும் என் கூடாரக் கடை இருக்கிறது. மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை சுற்றுலாப் பேருந்துகள் அங்கே நிற்கும். இறங்குகிறவர்கள் பனிமான் தோலைத் தடவிப் பார்ப்பார்கள், கொம்புக்கு விலை கேட்பார்கள், என் சிவப்புத் தொப்பியோடு என்னை நிறுத்திப் படம் எடுப்பார்கள். பிறகு, உலகம் முடிகிற இடத்தைப் பார்க்க முனைக்குப் போவார்கள். அங்கே ஒரு செங்குத்துப் பாறையும் கீழே கடலும் இருக்கின்றன. மூடுபனி இறங்கினால் அவையும் தெரிவதில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் கூட்டம் கூடிக்கொண்டுதான் இருக்கிறது.

என் தம்பி மிக்கல் அந்தக் கூட்டத்தைக் கண்டாலே முகம் சுளிப்பான். அவனுக்கு மந்தைதான் எல்லாம். நான் கிழக்கு என்றால் அவன் மேற்கு என்பான். ஏழு வயதிலும் அப்படித்தான், நாற்பதிலும் அப்படித்தான். சென்ற மே மாதம், உள்நாட்டுப் பாசிநிலத்திலிருந்து மந்தையைக் கடற்கரைக்கு ஓட்டி வந்தபோது, கன்று ஈனப் பின்தங்கிய ஒரு பெட்டையைத் தேடி அவன் மூடுபனிக்குள் போனான். அவனுடைய நான்கு சக்கர வண்டியை ஏரிக்கரையில் கண்டெடுத்தோம். எஞ்சினில் சூடு ஆறவில்லை. பாதி கடித்த உலர் இறைச்சித் துண்டு இருக்கையின்மேல் கிடந்தது. அவன் மட்டும் இல்லை. நாய்களும் ஹெலிகாப்டரும் பதினோரு நாள் தேடின. முக்குளிப்பவர்கள் ஏரியின் அடிமண்ணைத் துழாவினார்கள். ஒரு கையுறைகூடக் கிடைக்கவில்லை.

அவன் மனைவி சுன்னா அழவில்லை. மந்தையைக் கடற்கால்வாயில் நீந்த வைத்துத் தீவுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். கோடை முழுவதும் தானே மேய்த்தாள்.

ஆகஸ்டில் ஒரு முற்பகல் அவள் என் கடைக்கு ஓடி வந்தாள். அப்போது யோவ்னா உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு நண்டுப் படகு உண்டு; செந்நண்டுப் பொறியைப் பயணிகளின் கையாலேயே தூக்க வைத்து, அந்த நண்டை அவித்து அவர்களுக்கே பரிமாறுவது அவன் பிழைப்பு.

"அண்ணி, அவரப் பாத்தேன்" என்றாள் சுன்னா.

"யார?"

"உங்க தம்பிய. இங்க, தீவு ஏரிக்கு அந்தப் பக்கம். ஒரு வெள்ள மந்தைக்குப் பின்னால நடந்து போறார்."

யோவ்னா சிரித்தான். "காலங்காத்தால என்னத்தக் குடிச்ச?"

"காபிதான். நீ குடிக்கிற கழனித்தண்ணி இல்ல."

"முழுக்க வெள்ள மந்தையா? அட, அத ரோட்டோரமா கொஞ்சம் ஓட்டிட்டு வாயேன். பஸ் வரிசையா நிக்கும். அக்கா கடையில ஒரு கொம்பு மிஞ்சாது."

"மணிச்சத்தம் கேட்டுச்சா?" என்று நான் சுன்னாவிடம் கேட்டேன்.

"மணி கேட்டுச்சு. கால் சத்தம் கேக்கல."

யோவ்னாவின் சிரிப்பு நின்றது. பனிமான் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் கணுக்கால் சொடுக்கும்; மந்தை நகர்ந்தால் ஈர விறகு எரிவதுபோல் ஓயாத சொடுக்கு. சொடுக்காமல் நடக்கும் மந்தை யாருடையது என்பதை எங்களில் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நிலத்துக்கடியில் இருப்பவர்கள் என்று மட்டும் சொல்வோம்.

"நான் கடல்காரன். எனக்கும் ஏரிக்கும் என்ன சம்பந்தம்?" என்று யோவ்னா கோப்பையைக் கீழே வைத்தான். "நீங்க போயிட்டு வாங்க. கடைய நான் பாத்துக்கறேன்."

சுன்னாவும் நானும் நடந்தோம். மூடுபனி முழங்கால்வரை தெளிந்து, அதற்கு மேல் அடைத்திருந்தது. காற்றாலைகளின் இறக்கைகள் எங்கோ தலைக்கு மேலே வெட்டிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

அவர்களிடமிருந்து ஒன்றை மீட்கும் விதியை வழியில் அவளுக்கு வரிசையாகச் சொன்னேன். எஃகுக் கத்தி எதன் தலைக்கு மேலாகப் பறந்து அந்தப் பக்கம் விழுகிறதோ, அது எறிந்தவருக்குச் சொந்தமாகும். ஒருவருக்கு ஒரே ஓர் எறிதல்தான். விழுந்த கத்தியைத் திரும்ப எடுக்கக் கூடாது.

"மானப் பாக்காத. ஆளப் பாத்து எறி."

"தெரியும் அண்ணி."

"தெரியும்னு சொல்றவங்கதான் தப்புப் பண்றாங்க. திருப்பிச் சொல்லு."

"மானப் பாக்க மாட்டேன். அவரப் பாத்து எறிவேன்" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

ஏரியின் மறுகரையில் நின்றோம். முதலில் மணி கேட்டது. பிறகு முன்மானின் கொம்புகள் மூடுபனியிலிருந்து வெளிவந்தன. பின்னால் நாற்பதுக்குமேல் இருக்கும். ஒன்றில்கூடக் கறுப்பு மயிர் கிடையாது. சரளைக்கல்மேல் நடந்தும் ஓசையில்லை. கடைசியாக, கையில் கோலுடன், வலது தோள் சற்றுத் தாழ்ந்த அந்தப் பழைய நடையில் என் தம்பி வந்தான்.

சுன்னா இடுப்புக் கத்தியை உருவினாள். முப்பது ஆண்டுகளாகச் சுருக்குக்கயிறு எறிந்த கை அது. முன்மானைப் பிடித்தால் மற்றவை தாமே வரும் என்று ஐந்து வயதில் பழகிய கை. அது அவளைக் கேட்கவில்லை. கத்தி முன்மானின் கொம்புகளுக்கு மேலே பறந்தது. மந்தையின் முதுகுகளையெல்லாம் கடந்து, மிக்கலின் காலடிக்கு இப்பால், ஒரு முழத் தொலைவில், பாசியில் குத்தி நின்றது.

அந்தக் கணமே சொடுக்கு தொடங்கியது. அத்தனை மான்களும் எங்கள் மான்களாக நடந்தன; வெப்பமும் நாற்றமும் வீசின. முன்மான் நேராக வந்து சுன்னாவின் கையை முகர்ந்தது.

அவள் அதைத் தள்ளிவிட்டு ஓடினாள். நெடுநேரம் ஓடினாள். கத்தியும் அதற்கு அப்பால் நின்றவனும் முன்பிருந்த அதே தொலைவில் இருந்தார்கள். அவள் முழங்காலில் விழுந்தாள்.

மிக்கல் கத்தியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அக்கா, இன்னும் அந்தச் செவப்புத் தொப்பியப் போட்டுக்கிட்டு பஸ்காரங்களுக்குப் பல்லக் காட்டறியா?"

மூன்று மாதங்களுக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"வாய மூடிட்டு வீட்டுக்கு வா" என்றேன்.

"வழி தெரிஞ்சா வர மாட்டேனா? எனக்கு இங்க ஒரு கொறையும் இல்ல. சுன்னா, அந்த முன்மானுக்கு எடது கால்ல பழைய காயம். மலையேத்தாத. அழாத, பொண்ணே. மூக்கு ஒழுகுது, பாக்கச் சகிக்கல."

அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். நான் என் கத்தியை உருவினேன்.

அவன் முகம் மாறியது. "எறியாத."

"ஏன்?"

"எறியாதக்கா. நான் மான் இல்ல."

"எறிங்க அண்ணி!" என்று சுன்னா கத்தினாள். "என்னால இனி முடியாது. எறிங்க!"

அவன் சொன்னதை நான் கேட்டேன். அவன் வாழ்நாள் முழுவதும் எனக்கு மறுப்புச் சொன்னவன்; இதுவும் அவற்றுள் ஒன்று என்று எண்ணினேன். நிதானமாகக் குறி பார்த்தேன். கத்தி அவன் தொப்பிக்கு ஒரு சாண் மேலே பறந்து பின்னால் விழுந்தது.

அவன் நடந்து வந்தான். சுன்னாவின் கத்தியைத் தாண்டினான்; இரு கைகளையும் நீட்டிய சுன்னாவையும் தாண்டினான். என் எதிரே வந்து நின்றான்.

மாவட்ட மருத்துவமனையில் இரண்டு வாரம் வைத்துச் சோதித்தார்கள். இதயம் நன்று, இரத்தம் நன்று, மூளைப் படத்திலும் குறை இல்லை. அதிர்ச்சி, காலப்போக்கில் சரியாகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். மந்தை சுன்னாவின் பின்னால் போகிறது. அவள் இட்ட காதுக்குறியை ஏற்றுக்கொண்டது. அவன் என் பின்னால் வருகிறான்.

உண் என்றால் உண்கிறான். போதும் என்று சொல்லாவிட்டால் கலயம் தீர்ந்த பிறகும் கரண்டி போய் வருகிறது. ஒருநாள் நான்கு பேருந்துகள் சேர்ந்து வந்த நெரிசலில், "இங்க நில்லு" என்று சொல்லிவிட்டு அவனை மறந்து வீடு திரும்பினேன். காலையில் வந்தபோது கூடாரத்தின் பக்கத்தில் அதே இடத்தில் மழையில் ஊறி நின்றான். என்னைக் கண்டதும் கண்கள் திரும்பின. அவற்றில் கோபம் இல்லை. நான் அதைத் தேடினேன், கிடைக்கவில்லை.

"ஒங்களுக்குச் சொந்தம்னா நீங்களே குடுத்துடலாமே, அக்கா. அவகிட்டச் சொல்லிக் குடுத்துடுங்க" என்று யோவ்னா சொன்னான். இப்போது அவன் கடைக்கு வந்தால் உட்காருவதில்லை.

செய்து பார்த்தேன். "நீ இனிமே சுன்னாவுக்குச் சொந்தம்" என்று தெளிவாகச் சொன்னேன்.

"நான் இனிமே சுன்னாவுக்குச் சொந்தம்" என்றான் மிக்கல், என்னைப் பார்த்து.

நேற்றுக் கடையைப் பிரித்துக் கட்டினேன். பயணிகளின் பருவம் முடிந்தது. அடுத்த வாரம் மந்தை மறுபடியும் கால்வாயை நீந்த வேண்டும். சுன்னா வந்தாள். தலை வாரி, திருமண நாளில் அணிந்த வெள்ளிப் பதக்கத்தைக் குத்தியிருந்தாள். அவன் எதிரே பெட்டியின்மேல் உட்கார்ந்து, சற்று நேரம் அவனையே பார்த்தாள்.

"அண்ணி, என் கையப் பிடிக்கச் சொல்லுங்க."

"எதுக்குடி?"

"சொல்லுங்களேன்."

சொன்னேன். அவன் கையை நீட்டி அவள் கையைப் பற்றினான். பிடி இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. அவள் கண்களை மூடிக்கொண்டாள். அவனோ தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், எப்போது விட வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக.

பேச நான் வாயைத் திறந்த ஒலி அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"விடச் சொல்லாதீங்க, அண்ணி" என்றாள் சுன்னா, கண்களைத் திறக்காமல்.