மறதிக்காரர்

“அத்தான்! இது... உங்க... செருப்பு!”

மாமா குனிந்து, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் பிய்த்து, அப்பாவின் காதருகே கத்தினார். கூடத்தில் இருந்த இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்த அம்மா ஒருத்திதான் திரும்பவில்லை.

“என் செருப்புதான் மாப்ள,” என்றார் அப்பா. “போன வாரம்தான் வார் அறுந்து தைச்சேன்.”

“பரவாயில்லையே, ஞாபகம் இருக்கே!” என்று மாமா சுற்றியிருந்தவர்களிடம் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா போன துக்கம் ஒரு பக்கம், அவள் விட்டுப் போன இந்த மறதிக்கார மனிதரை இனி யார் பார்த்துக்கொள்வது என்ற கவலை இன்னொரு பக்கம்.

வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்த மகளுக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அப்படியும் சிரிப்பு வந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பார்த்தவர்கள், பாவம், தேம்புகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

அப்பாவுக்கு மறதியே கிடையாது. லிஃப்ட் பழுது பார்ப்பவர் அவர். முப்பத்தோரு வருஷ வேலை. அன்று காலை மாலையோடு வந்திருந்த அவருடைய சூப்பர்வைசர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஊர்ல இருக்கற அத்தனை லிஃப்டும் இவருக்குத் தலைகீழ்ப் பாடம் சார். எது எந்த மாடியில மாட்டும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வார்,” என்றார். மாமா தலையை ஆட்டி, “நல்ல மனசு சார் உங்களுக்கு,” என்றார். துக்க வீட்டில் யாரும் நாலு நல்ல வார்த்தை சொல்வதுதானே என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

எல்லாவற்றுக்கும் காரணம் அம்மாவின் வாயிலிருந்து தவறி விழுந்த ஒரே ஒரு சொல்.

அப்பா சூதாடி. குதிரையில் தொடங்கி, சீட்டுக்கு வந்து, கடைசியில் கைபேசிக்குள் போய்ச் சேர்ந்த ஆட்டம். அம்மா அதைக் கண்டுபிடித்தது காசை வைத்து அல்ல, பாத்திரத்தை வைத்து. தோற்ற நாளில் அப்பா ரொம்ப நல்லவராகிவிடுவார். கேட்காமலே எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவார். ஒரு மாதம் முழுக்க அம்மா ஒரு தட்டைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் அம்மா அவர் கையைப் பிடித்து ஆலோசனை மையத்துக்கு இழுத்துப் போனாள். அப்போது பத்தொன்பது வயது மகளும் கூடப் போனாள்.

அங்கே பதினாறு கேள்விகள் அச்சிட்ட ஒரு தாள் வைத்திருந்தார்கள். விட்டதைப் பிடிக்கத் திரும்பப் போனதுண்டா? வீட்டில் பொய் சொன்னதுண்டா? தூக்கம் கெட்டதுண்டா? ஆலோசகர் வாசிக்க வாசிக்க அப்பா பதினாறுக்கும் “இல்லை” என்றார்.

ஆலோசகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “பதினாறுக்கும் இல்லைன்னு சொல்றவங்க ரெண்டு வகைதான் சார். ஒண்ணு, வாழ்க்கையில ஆடவே ஆடாதவங்க. இன்னொண்ணு நீங்க.”

அப்பா சிரித்தார். பிறகு அழுதார். பிறகு தாளைத் திரும்பக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, பதினாலுக்கு “ஆமாம்” என்று எழுதினார். மீதி இரண்டு என்ன ஆச்சு என்று அம்மா கேட்டதற்கு, “அடுத்த வாரம் சொல்றேனே,” என்றார். சொன்னபடி சொல்லவும் செய்தார்.

அன்றிலிருந்து பணம் எடுக்கும் கார்டு அம்மாவிடம். தினம் காலையில் பஸ் கட்டணம் மட்டும் அவர் கையில். இணையம் இல்லாத பட்டன் போன். சனிக்கிழமை மாலை, அவரைப் போலவே மீளப் பார்க்கிறவர்களின் கூட்டம். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு குடும்ப விருந்தில் மாமா, “அத்தான், கடைக்குப் போய் ஐஸ்கட்டி வாங்கிட்டு வாங்க,” என்று அப்பாவின் கையில் ரூபாய்த் தாள்களைத் திணித்தார். அம்மா பாய்ந்து பிடுங்கினாள். “அவர் கையில குடுக்காதடா!”

எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

“அவருக்கு... மறதி,” என்றாள் அம்மா.

அவ்வளவுதான். இரவு இலை எடுப்பதற்குள் உறவு முழுக்கப் பரவிவிட்டது. கார்டு ஏன் அம்மாவிடம்? மறதி. பட்டன் போன் ஏன்? மறதி. சனிக்கிழமை எங்கே போகிறார்? ஞாபகசக்தி வகுப்புக்கு. அச்சகம் வைத்திருக்கும் மாமா, “காணாமல் போனவரைக் கண்டால் தயவுசெய்து அழைக்கவும்” என்று தன் எண்ணோடு நூறு அட்டைகள் அடித்துக்கொண்டு வந்து அப்பாவின் எல்லாச் சட்டைப் பையிலும் ஒவ்வொன்றாய் வைத்தார். அப்பா கைகூப்பி வாங்கிக்கொண்டார். ஒன்பது வருஷமாக அந்தக் கத்தலையும் வாங்கிக்கொண்டார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

துக்க வீட்டுக்குப் பதினொரு மணிக்கு அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்துக்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். அப்பாவைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். இப்படிப்பட்ட நாளில் அவரைத் தனியே விடுவதாக இல்லை என்பது மகளுக்குப் புரிந்தது. மாமாவுக்கு வேறு மாதிரி புரிந்தது. அவர் முன்னால் இருந்த உயரமான அம்மாளிடம் போய், சத்தமாக, நிதானமாக, “அம்மா! வீட்டுக்கு... வழி... தெரியுமில்ல?” என்றார்.

அந்த அம்மாள் ஒரு காலத்தில் வங்கியில் காசாளராக இருந்தவர். மாமாவை மேலும் கீழும் பார்த்தார். “தெரியும் சார். ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் கண்டுபிடிச்சேன். இனிமே மறக்க மாட்டேன்,” என்றார்.

மகள் சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். இந்த முறை வந்தது சிரிப்பில்லை.

மூன்று நாளைக்கு முன் மருத்துவமனைக் கட்டிலில் அம்மா மூச்சுக்கு மூச்சு நிறுத்திப் பேசியது அவள் காதிலேயே இருந்தது. “மறதின்னே இருக்கட்டும்டி. என் தம்பி கண்ணுல உங்க அப்பா இறங்கிடக் கூடாது. நீ வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லு.”

“சரிம்மா.”

“சத்தியமா?”

“சத்தியமாம்மா.”

அதன் பிறகு அம்மா பேசிய பேச்சு எல்லாம் தண்ணீர் வேண்டும், போர்வை வேண்டும் என்பதுதான். நேற்று விடிகாலையில் அதுவும் நின்றுவிட்டது.

தகனம் முடிந்து, சனிக்கிழமைக் கூட்டத்துக்காரர்களும் விடைபெற்றுப் போன பின், உறவினர்கள் எல்லோரும் திரும்பி வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தபோது மணி மூன்று. மாமா தோல் பையைத் திறந்து இரண்டு தாள்களை மேசைமேல் வைத்தார். தன் அச்சகத்தில் அடித்துக்கொண்டு வந்தவை. பேனாவையும் திறந்து வைத்தார்.

“பாப்பா, நீயும் உக்காரு. எல்லாரும் இருக்கும்போதே பேசிடறது நல்லது,” என்றார் மகளிடம். “அக்கா இருந்தவரைக்கும் கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்டா. நீ கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போறவ, உனக்குன்னு குடும்பம் இருக்கு. இவரைத் தனியா விட முடியாது. மறதி உள்ளவர் லிஃப்ட்டுக் குழிக்குள்ள இறங்கலாமா? இது வேலையை விடறதுக்கான கடிதம். இது, மறதிக்காரங்களுக்குன்னே ஒரு இல்லம் இருக்கு, அதுக்கு விண்ணப்பம். முன்பணம் நான் கட்டிட்டேன். தோட்டம் இருக்கு. வாசல்ல எப்பவும் காவல் உண்டு, வெளிய போயிட மாட்டார்.”

கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. அதுதான் கொடுமை. கூடம் முழுக்க, “சரிதான், அதுதான் நல்லது,” என்று முணுமுணுத்தது.

மகள் அந்தத் தாள்களைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் செத்துப் போன அம்மாவிடம் செய்த சத்தியம் போகும். திறக்காவிட்டால் அப்பா போவார். முப்பத்தோரு வருஷ வேலை, இந்த வீடு, சனிக்கிழமைக் கூட்டம், எல்லாமே போகும். வேலை இருப்பதால்தான் அவருக்குக் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருக்கிறது, கூட்டம் இருப்பதால்தான் அவர் நேராக நிற்கிறார் என்று இந்த இருபது பேரில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

“மாமா...” என்று ஆரம்பித்தாள்.

“நீ பேசாத,” என்றார் அப்பா. அவள் திகைத்துப் பார்த்தாள். “உங்க அம்மா உங்கிட்ட என்ன சத்தியம் வாங்கினான்னு எனக்குத் தெரியும். கதவுக்கு வெளியதான் நின்னேன். அதுக்கு முன்னாடியே எங்கிட்டயும் கேட்டா. நான் சத்தியம் பண்ணல.”

அவர் பேனாவை எடுத்து மூடி போட்டு மாமாவிடம் நீட்டினார்.

“எனக்கு மறதி இல்ல மாப்ள.”

“அத்தான், மறதி உள்ளவங்க எல்லாரும் இப்படித்தான்...”

“உன் முதல் பைக்கு, சிவப்புக் கலர். நம்பர் நாலாயிரத்து எழுநூத்து இருபத்தொண்ணு. இடது பக்கக் கண்ணாடில ஒரு கீறல். ஞாபகம் இருக்கா?”

மாமா விழித்தார். “அது திருடு போச்சே.”

“திருடு போகல. நான் வித்தேன். அன்னிக்கு மூணாவது ஓட்டத்துல நாலாம் நம்பர் குதிரை ஜெயிக்கும்னு வித்தேன். அது அஞ்சாவதா வந்துச்சு.”

அப்பா அதோடு நிறுத்தவில்லை.

“உங்க அக்கா கையில வளையல் இருந்துச்சே, இறுக்கமா இருக்குன்னு கழட்டிட்டேன்னு சொன்னாளே. நான்தான் கழட்டினேன். இவளைக் காய்ச்சல்னு ஒரு வருஷம் காலேஜ்ல சேக்கலையே, காய்ச்சல் இல்ல. நான் சூதாடி மாப்ள. எதையும் மறக்கல. மறந்திருந்தா கொஞ்சம் தூங்கியிருப்பேன்.” தண்ணீரைக் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். “நிறுத்தி ஒன்பது வருஷத்துக்கு மேல ஆகுது. நடுவுல ஒரு நாள் தவறிட்டேன். அன்னிக்கு வீட்டுக்கு வந்து, பாத்திரத்தைத் தொடாம, ‘இன்னைக்கு ஆடிட்டேன்’னு அவ முன்னால நின்னேன். ‘நீங்களே சொல்லிட்டீங்கல்ல, சரி, முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்’னா. அதுக்கப்புறம் ஆறு வருஷம் நாலு மாசம் பன்னெண்டு நாள். இன்னைக்கும் சேத்து.”

மாமாவின் முகம் சிவந்தது. “அந்த வண்டிக்காக எதிர்வீட்டுக்காரனைச் சந்தேகப்பட்டு அவனோட பன்னெண்டு வருஷமா நான் பேசறதில்ல, தெரியுமா?”

“தெரியும்.”

“ஒன்பது வருஷமா உங்க காதுல தொண்டை கிழியக் கத்தியிருக்கேன்!”

“காது நல்லாவே கேக்குது மாப்ள.”

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார். மாமா சிரிக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “இதை இன்னைக்குத்தான் சொல்லணுமா? சாம்பல் சூடு ஆறல. என் அக்காவை எல்லார் முன்னாலயும் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே!”

“பொய் என்னோடது. அவ சுமந்தா. இனிமே சுமக்க ஆள் இல்ல, நானே தூக்கிக்கறேன். அவ்வளவுதான்.”

அப்பாவைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட்ட வருஷங்கள் மகளுக்கு உண்டு. தோழிகளை வீட்டுக்கே அழைத்ததில்லை. இப்போது, இத்தனை பேர் நடுவே, வேட்டியைச் சரிசெய்தபடி நிற்கிற இந்த மனிதரைப் பார்க்கையில் அவளுக்கு நெஞ்சு கொள்ளாத பெருமையாக இருந்தது. இவர் என் அப்பா என்று தெருவில் இறங்கிக் கத்த வேண்டும் போலிருந்தது. அம்மா இருந்திருந்தால் முதலில் நன்றாகத் திட்டியிருப்பாள். பிறகு அவளும் அப்படித்தான் பார்த்திருப்பாள்.

அப்பா உள்ளே போய் அம்மாவின் கைப்பையை எடுத்து வந்தார். கார்டை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இதை யாராவது வச்சுக்கணும். எங்கிட்ட இருக்கக் கூடாது. தெம்பாத்தான் இருக்கேன், ஆனா அவ இல்லாத வீட்டுல நாளைக்கு எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாது.”

மகள் கையை நீட்டினாள்.

“உன்கிட்ட வேண்டாம். நான் கண்ணைக் கசக்கினா நீ குடுத்துடுவ,” என்றார். கார்டை மாமாவின் பக்கம் தள்ளினார். “நீ வச்சுக்கோ மாப்ள. நீ என்மேல கொலைவெறில இருக்க. நான் கால்ல விழுந்தாலும் குடுக்க மாட்ட.”

மாமா கார்டைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். கார்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். இரண்டு தாள்களையும் பையில் திணித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். போன வேகத்தைப் பார்த்து, இனி இந்த வாசலை மிதிக்கவே மாட்டார் என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்குக் கதவு தட்டப்பட்டது. மகள் திறந்தாள். மாமா நின்றிருந்தார். சவரம் செய்யாத முகம், நேற்றைய அதே சட்டை. அவளைத் தாண்டி உள்ளே வந்தவர், கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே பஸ் கட்டணத்தை நீட்டினார்.

“லீவு போட்டிருக்கலாம்ல?” என்றார் சுவரைப் பார்த்து.

“வீட்டுல இருந்தா ஆகாது மாப்ள.”

“ம்.”

அப்பா வாங்கிக்கொண்டு கிளம்பினார். அவர் படியிறங்கும் சத்தம் தேய்ந்து, தெருக் கதவு மூடும் சத்தம் கேட்டது. மாமா கூடத்தின் நடுவே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“எப்ப வருவாரு?”

“ஆறேகால் பஸ்ல மாமா.”

“வந்துடுவாருல்ல?”

“வந்துடுவாரு.”

“அச்சகத்தை இன்னைக்குத் திறக்கல,” என்றார் மாமா. பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார். “அவர் வர்ற வரைக்கும் அக்கா எங்க உக்காந்திருப்பா?”

மகள் ஜன்னலோரத்து நாற்காலியைக் காட்டினாள். மாமா அதைத் தெருவைப் பார்க்கும்படி கொஞ்சம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். மணி அப்போது எட்டுகூட ஆகவில்லை.