வெள்ளத்துக்கும் எழாத அக்கம்மாள்

அனுமந்தன்பட்டியில் விடியலுக்கு முன்னே எந்த வீட்டு அடுப்பு முதலில் பற்றும் என்று யாரைக் கேட்டாலும் அக்கம்மாள் வீட்டைத்தான் காட்டுவார்கள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் ஒருநாள் தவறியதில்லை. அப்படிப்பட்டவள் அந்தத் தை அறுப்பு முடிந்த கையோடு புருஷன் கோட்டைச்சாமியிடம், "குமுளிக்குச் சாமான் வாங்கப் போறப்ப நானும் வருவேன். வாங்கிட்டு ஒடனே திரும்ப மாட்டேன். ரெண்டு நா அங்கன விடுதியில படுத்துக் கெடப்பேன். எவளாச்சும் பொங்கட்டும், நான் திம்பேன்" என்றாள். தெரு சும்மா இருக்குமா?

"படுக்கிறதுக்கு மலையேறணுமாக்கும்? இங்கன பாய் இல்லையா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு மொக்கம்மாள். கேட்டவளே தன் புருஷன் சுருளிவேலோடு அதே வண்டியில் ஏறி உட்கார்ந்ததையும் சொல்லிவிட வேண்டும். வேடிக்கை பார்க்க ஆள் வேண்டாமா?

எல்லையில் சுங்கம் பார்க்கிற சவுக்கையைத் தாண்டித் திருவிதாங்கூர் மண்ணை மிதித்ததும் கோட்டைச்சாமிக்கு மீசை நிமிர்ந்துவிட்டது. மலையாளம் தண்ணீர்பட்ட பாடு என்று ஊரில் பெயர் வாங்கியவர். ஏலக்காய், மிளகு, ஒரு மூட்டைத் தேங்காய், இரண்டு வெள்ளை முண்டு எல்லாம் அவர் வாயால்தான் வாங்கப்பட்டன. "வில எத்தர?", "வேண்டா" என்ற இரண்டையும் அவர் சொன்ன அழகில் ஒரு குறையும் இல்லை. கடைக்காரர்கள் போன ஆடியில் வந்த பெருவெள்ளத்தைப் பற்றியே பேசினார்கள். "வெள்ளம்" என்று காதில் விழும்போதெல்லாம் கோட்டைச்சாமி உச்சுக்கொட்டி, எந்த மலை சரிந்தது, எத்தனை மாடு போனது என்று கூட வந்தவர்களுக்கு விளக்கினார்.

மத்தியானம் வர்க்கி என்பவரின் ஓட்டு விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள். யாரோ இலை போட்டுச் சோறு வைத்தார்கள். யாரோ இலையை எடுத்தார்கள். அக்கம்மாள் கட்டிலில் சாய்ந்து கம்பளியை இழுத்துக்கொண்டாள். சன்னலில் குளிர்காற்று. கண் சொருகியது.

அப்போது வர்க்கி முற்றத்தில் நின்று குரல் கொடுத்தார்: "வெள்ளம் இப்போ வரும்! எல்லாரும் ஒருங்கிக்கோ!"

குளிக்க வெந்நீர் வருகிறது, தயாராகுங்கள் என்றார் அந்த மனுஷர். மலையாளத்தில் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர். கம்பம் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவளுக்குக்கூடத் தெரியும். நம் பண்டிதர் காதில் காலையிலிருந்து ஏறிக் கிடந்தது வேறு வெள்ளம்.

"ஏய் அக்கம்மா, எந்திரி! வெள்ளம் வருதாம்! மேட்டுக்கு ஓடணும்!"

"வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லையே."

"மேல மலையில பேஞ்சிருக்கும்டி! விடுதிக்காரரே சொல்றாக!"

அதற்குள் மொக்கம்மாள் தேங்காய் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள். சுருளிவேல் பின்னால் ஓடினான்.

அக்கம்மாளும் வெள்ளம் என்றுதான் நம்பினாள். ஆனால் இப்போது எழுந்தால் நேரே வண்டி, வீடு, அடுப்பு. இந்தக் கட்டில் இந்த ஜென்மத்தில் மறுபடி கிடைக்காது. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஓடுங்க. வந்தா கட்டிலோட மிதந்துக்கிறேன். நான் எந்திரிக்க மாட்டேன்."

இழுத்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். அவளை விட்டு ஓட மனசு வராமல், கடைசியில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு அவரும் கட்டில்மேல் ஏறிக் கால்மாட்டில் நின்றுகொண்டார்.

ஆவி பறக்கும் செம்பு அண்டாவோடு உள்ளே வந்த வர்க்கி, கட்டில்மேல் நிற்கிற மனுஷரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "வெள்ளம்" என்று சொல்லி இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

மொக்கம்மாள் மேட்டிலிருந்து இறங்கி வரும்போது முழங்கையெல்லாம் முள் கீறல். தேங்காயில் பாதி சரிவில் உருண்டு போயிருந்தது. நாலு பேருக்குக் காய்ந்த வெந்நீரில் முக்கால்வாசியை ஊற்றிக் குளித்துவிட்டு, அக்கம்மாள் மறுபடி கட்டிலில் கிடந்தாள்.

"ஏத்தா, நெசமாவே வெள்ளம்னு நெனச்சுக்கிட்டா படுத்துக் கெடந்த?"

"ஆமா."

மொக்கம்மாள் முழங்கை முள்ளைப் பிடுங்க உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை, போன தேங்காய்க்குப் பதில் வாங்கக் கடைத்தெருவுக்கு வந்த கோட்டைச்சாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "எம் பொஞ்சாதி இருக்காளே, வெள்ளம் வந்தாலும் எந்திரிக்க மாட்டா!"

குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாலும் எழ முடியாதவள் என்று கடைக்காரருக்குப் புரிந்தது. "கஷ்டம்! தீனமாணோ?" என்று நோயை விசாரித்து ஒரு துண்டு சுக்கை மடித்துக் கொடுத்தார். பொண்டாட்டிக்குக் கிடைத்த வெகுமதி என்று கோட்டைச்சாமி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அந்நேரம் அக்கம்மாள் கம்பளிக்குள் புரண்டு மறுபக்கம் படுத்தாள். வெளியே வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. இன்றைய நாள் முழுசாக அவளுடையது.