யூ.டி. டிரேடிங் என்ற போட்டிக்காரன்

மலேசியாவின் ஈப்போ நகரத்து லிட்டில் இந்தியாவில் உடையப்பன் ஊதுபத்தி மொத்த வியாபாரம் செய்கிறார். மைசூரிலிருந்து கப்பலில் சரக்கு வரும். பேராக் மாநிலம் முழுக்கக் கடைகளுக்குப் போகும். பல வருடமாக நிம்மதியாக நடந்த தொழில். அந்த நிம்மதியே ஆபத்து என்று அவருக்கு எடுத்துச் சொன்னவன் ஹரிஷாந்.

ஹரிஷாந் கோலாலம்பூரில் வணிக ஆலோசகன். யார், எதை, எங்கிருந்து இறக்குமதி செய்கிறார்கள் என்ற சுங்கப் பதிவுகளை வாங்கி, வண்ண வரைபடங்களாக்கி விற்பவன். ஊதுபத்தியை எப்போதாவது கொளுத்தியிருக்கிறாயா என்று உடையப்பன் அவனைக் கேட்கவில்லை. வரைபடம் அவ்வளவு அழகாக இருந்தது.

அதில் பேராக்கின் முதல் இறக்குமதியாளர் உடையப்பன் டிரேடிங். அடுத்த இடத்தில் யூ.டி. டிரேடிங். அதே மைசூர் கம்பெனி, அதே மல்லிகை வாசனை, ஏறக்குறைய அதே அளவு.

"யாருலா இவன்? நம்ம ஊர்லயே இருந்துக்கிட்டு நமக்கே தெரியாம," என்றார் உடையப்பன்.

"அதுக்குத்தான் அங்கிள், டேட்டா வேணும்," என்றான் ஹரிஷாந்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அப்படியொரு கடையை ஈப்போவில் பார்த்ததே இல்லையே என்றாள் மனைவி நவமணி. அதுதான் அவன் சாமர்த்தியம் என்று விளக்கிவிட்டு, ஊருக்கு வெளியே லகாட் வரை காரில் போய்க் கிடங்குகளை நோட்டம் விட்டு வந்தார். கடைசியில் மைசூருக்குப் போன் போட்டு, தன் சரக்கை இரட்டிப்பாக அனுப்பும்படியும் ஈப்போவில் வேறு எவனுக்கும் ஒரு பெட்டிகூடத் தரக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். மைசூர்க்காரர் உடனே சம்மதித்தார். இரட்டிப்பு ஆர்டர் தருகிறவரிடம் யார் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்?

சரக்கு பினாங்குத் துறைமுகத்துக்கு வந்ததும், சுங்க வேலைகளைப் பார்க்கும் ஏஜென்ட் தனேஸ்வரன் போன் செய்தார்.

"அண்ணே, உங்க கம்பெனி பேரு நீளம்லா. அவசரத்துக்கு யூ.டி. டிரேடிங்னு சுருக்கிப் போடுவோமே, இந்தத் தடவையும் அப்படியே போட்டுறவா?"

உடையப்பன் முழுப் பெயரையே போடச் சொன்னார். நவமணியிடம், போட்டிக்காரனை ஒழித்துவிட்டதாக மட்டும் தெரிவித்தார். கடையில் அடங்காத பெட்டிகள் வீட்டு ஹாலுக்கு வந்தன. டிவி பார்க்க நவமணி மல்லிகைக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

ஹரிஷாந்தின் அடுத்த அறிக்கை, பேராக்கில் ஒரு நிறுவனம் சந்தையை விட்டு ஓடிவிட்டதையும், முன்னணி நிறுவனத்தின் இறக்குமதி பல மடங்கானதையும் சுட்டிக்காட்டி, ஊதுபத்திக்குப் பொற்காலம் பிறந்திருப்பதாக அறிவித்தது. அதைக் காசு கொடுத்து வாங்கிப் படித்த அதே பேராக்கின் தைப்பிங் ஊர் மளிகைக்காரர் ஐயாவு, மைசூரிலேயே வேறொரு கம்பெனியைப் பிடித்து ஒரு கண்டெய்னர் இறக்கி, விலையையும் குறைத்து விற்க ஆரம்பித்தார்.

ஹரிஷாந் இருவருக்கும் மறக்காமல் தீபாவளி வாழ்த்து அனுப்பினான்.