பத்துக்கு நாலு

கட்டத்துக்குள் கூனிக் குறுகி நிற்கிறது அந்த நாலு, நான் போட்ட நாலு, இன்று நினைத்தாலும் அதன் தலையில் ஒரு குட்டு வைக்கத் தோன்றுகிறது, பத்தாம் வகுப்பு, தூத்துக்குடி வெயில், ஞானசுந்தரி டீச்சர் ஆளுக்கொரு தாள் கொடுத்து, என்னவாக ஆசை, உங்கள் மேல் எவ்வளவு நம்பிக்கை, பத்துக்கு மார்க் போடுங்கள் என்கிறார், எட்டும் அதற்கு மேலும் போட்டவர்களுக்கு மூன்று நாள் கப்பலில் பயிற்சி என்பதைத் தாள்களை வாங்கிக்கொண்ட பிறகுதான் சொல்கிறார், ஐயோ, கப்பல், துறைமுகத்தில் அது ஊதும்போதெல்லாம் பாடம் மறந்து சுக்கானைப் பிடித்திருப்பேன், வெள்ளைச் சீருடை, கடல் முழுக்க என் பின்னால் வரும், ஆனால் தாளில் எழுதியதோ டீச்சர் வேலை, பொம்பளப் பிள்ளைக்கு அதுதான் தோது என்று அம்மா சொல்லிச் சொல்லிக் கை தானாக எழுதிவிட்டது.

எட்டு போட்டவங்க எந்திரிங்க என்றதும் பையன்கள் பக்கம் மொத்தமும் எழுகிறது, கணக்கில் என்னைப் பார்த்து எழுதியும் முப்பத்தாறு வாங்கும் ரீகன்கூட நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான், பெண்கள் பக்கம் ஒரு தலை உயரவில்லை, முதல் மார்க் வாங்கும் நான் பெஞ்சைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன், ஆத்திரமாக வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை, ரீகன் இடைவழி தாண்டி என் பக்கம் குனிந்து நீ எவ்ளோ போட்ட என்றான், நாலு என்றேன், அவன் கேலி செய்யவில்லை, நிஜமாகவே குழம்பிப்போய், ஏட்டி, ஒன்னப் பாத்து எழுதுற எனக்கே ஒம்பது, ஒனக்கு எப்படிட்டி நாலு வரும் என்றான்.

எப்படி, எப்படி, எழுந்துவிட்டேன், சந்தோஷமா பயமா, இரண்டும்தான், டீச்சர் தாளைப் புரட்டி, நீ நாலுதான போட்டிருக்க, ஏன் எந்திரிச்ச என்கிறார், வகுப்பு சிரிக்கிறது, சிரித்ததா, நானே பிறகு சேர்த்துக்கொண்டேனா, என் குரல் மட்டும் சத்தியம், தப்பா போட்டுட்டேன் டீச்சர், தாளக் குடுங்க.

மேசையிலேயே வைத்து நாலை அடித்தேன், டீச்சர் வேலையை அடித்தேன், கப்பல் கேப்டன் என்று எழுதினேன், பத்து என்று போட்டபோது கட்டம் போதாமல் வெளியே வழிந்தது, நிமிர்ந்து திரும்பினால் என் பின்னால் எங்கள் பெஞ்ச் ஜெபமலர், அவள் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர், எல்லோர் கையிலும் பேனா, எங்க தாளையும் குடுங்க டீச்சர்.