பாதி நிலம்

அப்பா விட்டுப்போன நிலத்தை அக்காவும் தம்பியும் பிரித்துக்கொண்டபோது, குளமும் மரங்களும் அக்கா பக்கம் வந்தன. பாதையோரத்துக் கட்டாந்தரை தம்பிக்கு. அப்போது யாருக்கும் மனக்குறை இல்லை.

அக்காவுக்குத் தையல்தான் பிழைப்பு. அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள். அடுக்குமாடி கட்டுகிறவர் ஒருவர் வந்து, இரண்டு பாகமும் சேர்ந்தால்தான் வாங்குவேன் என்று நல்ல விலை சொன்னார். தம்பி மனசுக்குள்ளேயே வீடு கட்டிக் குடியேறிவிட்டான். அக்காவும் தலையாட்டினாள்.

அளக்க வந்த ஆட்கள் இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒரு மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். அது நாரைகள் கூடு கட்டியிருந்த மரம். விழுந்த குஞ்சுகளை அக்கா மடியில் அள்ளி வந்து, வெட்டுத்துணிக் கூடையில் போட்டுத் தையல் மிஷினுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

தன் பாகத்தை விற்கப் பறவைக் காப்பகத்தாரைத் தேடி அவளே போனாள். அவர்களால் மூன்றில் ஒரு பங்கு விலைதான் தர முடிந்தது. சரி என்றுவிட்டாள்.

"மூணுல ஒரு பங்கா? உனக்கென்ன பைத்தியமாக்கா?"

"அதுங்க வாயத் தொறந்து தொறந்து மூடினத நீ பாக்கலடா."

"எம்பிள்ளைங்க வாய நீ பாத்தியா? உன் பாதி இல்லாம என் பாதிய எவன் வாங்குவான்?"

"வர்றதுல பாதிய நீ எடுத்துக்கோ," என்றாள்.

"பிச்சை போடறியா?" செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போய்விட்டான்.

பத்திரப்பதிவு அலுவலகத்தில், "முழுச் சம்மதத்தோடதானே விக்கிறீங்க?" என்று அதிகாரி கேட்டார். அவர் மறுபடி கேட்ட பிறகுதான், "ஆமாங்க," என்றாள்.

தம்பி தன் பாதியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, மனைவியின் ஊரோடு போய்விட்டான். அக்கா போன் போட்டால் அவன் மனைவிதான் எடுப்பாள். "அவரு குளிக்கிறாரு அண்ணி." எப்போது கூப்பிட்டாலும் குளித்துக்கொண்டேதான் இருந்தான்.

அடுத்த பருவத்தில் குளத்தங்கரை மரங்களெல்லாம் நாரைகளால் வெளுத்துக் கிடந்தன. காப்பகத்துக்காரர் வந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்று பார்க்கத்தான் ஆளில்லை.

வீட்டுக்கு வந்து தம்பி மகளுக்கு ஒரு கவுன் வெட்டினாள். கையில் இருந்தது பழைய அளவு. இப்போது எவ்வளவு வளர்ந்திருப்பாளோ தெரியவில்லை. இடுப்பிலும் அடியிலும் துணியைத் தாராளமாக உள்ளே மடித்துத் தைத்து அனுப்பினாள், வேண்டுமானால் பிரித்து விட்டுக்கொள்ளட்டும் என்று.

சேர்ந்ததா, பொருந்தியதா என்று ஒரு வார்த்தை வரவில்லை.